தேடினால் வராத கடை

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். வருஷக்கணக்காக எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். அவருடைய மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கூடத்தில் டிவிக்கு எதிரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெரியவர் படுத்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு விடுவதுதான் எங்கள் தொழில். ஈப்போ நகரத்தின் சிலிபின் பகுதியில், டயர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் ஒரு முடிவெட்டும் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. கட்டில், சக்கர நாற்காலி, படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை, ஆக்சிஜன் மெஷின், எல்லாம் வைத்திருந்தோம். அந்த அக்காவின் வீட்டிலிருந்து எங்கள் கடைக்கு நடந்தே வந்துவிடலாம்.

வெளியே வந்து செருப்புப் போடும்போது கேட்டேன். "ஏங்க்கா, எங்களக் கூப்பிட்டிருக்கலாமே?"

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நீங்க கட்டில் விடுறது எனக்குத் தெரியாமலா இருக்கு? மகதான் போன்ல தேடுனா. 'அவங்க கட வரவே மாட்டேங்குதும்மா, மூடிட்டாங்க போல'ன்னா. இவரு வலியில கத்துறாரு. நான் என்னா செய்ய? மொதல்ல வந்ததுக்கு போன் போட்டுட்டோம்லா."

காடியில் காத்திருந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நாம மூடிட்டமா?" என்று கேட்டார். கிண்டலா உண்மையான சந்தேகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, தள்ளிக்கொண்டு போகும் வேலையில் இருந்தவர். முதுகெலும்பு தேய்ந்துபோனதால் சீக்கிரமே வேலையை விட்டார். வார்டில் பழகிய நர்சுகள் வழியாகத்தான் எங்கள் கடைக்கு ஆள் வந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா? இந்த அண்ணேகிட்ட கட்டில் கேளுங்க" என்று அவர்கள் ஒரு துண்டுத்தாளில் நம்பர் எழுதிக் கொடுப்பார்கள். ஈப்போவைச் சுற்றி, நான் பிறந்த கித்தாத் தோட்டம், ரப்பர் மரமெல்லாம் போய், செம்பனையும் வீடமைப்புமாக மாறிப்போன அந்தப் பக்கமெல்லாம்கூட, எங்கள் வேன் போகாத சந்து இல்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு அந்த நர்சுகளில் பலர் ஓய்வு பெற்றார்கள். சிலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். துண்டுத்தாள் பழக்கம் நின்றது. இப்போது எல்லாரும் தேடிப் பார்க்கிறார்கள். நாங்கள் தேடினால் வருகிறவர்களாக இல்லை.

எங்களுக்கென்று ஒரு இணையப் பக்கம் இருக்கத்தான் செய்தது. அழைப்பு அட்டை அடித்துக் கொடுத்த அச்சகக்காரர் கூடவே செய்து கொடுத்தது. அதைத் திறந்து பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. கணவருக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. ஆகவே நான் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

தேடுபொறியில் மேலே வருவது எப்படி என்பதைத் தேடுபொறியிலேயே தேடினேன். இந்த வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடையில் ஆள் இல்லாத மதிய நேரங்களில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. ஒருவர் கட்டுரை நீளமாக இருக்க வேண்டும் என்றார். இன்னொருவர் நீளம் முக்கியமே இல்லை என்றார். மூன்றாமவர் இவை இரண்டும் பழைய கதை என்றார். அவர் அதை எழுதியது எந்த வருஷம் என்று பக்கத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. எல்லாரும் ஒரே மாதிரிதான் எச்சரித்தார்கள்: இந்தத் துறையில் ஏமாற்றுக்காரர்கள் அதிகம், ஜாக்கிரதை. அந்த எச்சரிக்கைக்குக் கீழேயே, அவர்களுடைய வகுப்பில் சேர்வதற்கான பொத்தான் இருந்தது.

யாரை நம்புவது என்று தெரிந்துகொள்ளவே தனியாக ஒரு படிப்பு வேண்டும் போலிருந்தது. படிக்கத் தெரியாதவர் மருந்துக் கடையில் நிற்கிற மாதிரி நின்றேன். எல்லா டப்பாவும் பளபளவென்று இருந்தது.

அப்போதுதான் அந்த இளைஞருடைய காணொளி கிடைத்தது. மலேசியத் தமிழர். வெள்ளைச் சட்டை, பின்னால் செடி, நல்ல தெளிவான தமிழ். "அக்கா, அண்ணே, நம்ம ஆளுங்க கட தேடுனா ஏன் வர மாட்டேங்குது தெரியுமா? நமக்கு யாரும் சொல்லித் தரலலா. அதான்" என்று ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கிலீஷில் படித்துத் தலை சுற்றிப்போயிருந்தவளுக்கு, என்னையே கூப்பிட்டுச் சொல்வது போலிருந்தது. எல்லாரும் அவரைக் கோச் என்றார்கள். சந்தா கட்டி அவருடைய கைப்பேசிக் குழுவில் சேர்ந்தேன்.

குழு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. காலையில் வணக்கம் சொல்வார்கள். ஒருவருடைய கடை தேடலில் மேலே வந்துவிட்டால் எல்லாரும் கைதட்டும் படம் அனுப்புவார்கள். நான் ஒரு சின்னக் கேள்வி கேட்டாலும் உடனே இரண்டு மூன்று பேர் பதில் சொன்னார்கள். கணவரும் நானும் நாள் முழுக்கப் பேசுவதில் பாதிக்கு மேல் யாருடைய கட்டில் எப்போது திரும்பி வரும் என்பதுதான். எங்கள் தொழிலில் கட்டில் திரும்பி வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியும். குழுவில் யாரும் சாகவில்லை. எல்லாரும் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குழுவில்தான் காம்பார் அக்கா அறிமுகமானார்; காம்பார் என்பது அவர் ஊர். வீட்டில் பிஸ்கட் செய்து விற்பதாகச் சொன்னார். ஆரம்பத்தில் என்னைப் போலவே ஒன்றும் தெரியாமல் சேர்ந்தவராம். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, கோச் சொன்னதைப் புரியும்படி விளக்குவார். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்து அத்தையிடம் வளர்ந்தவர். அவருடைய கணவருக்குப் பக்கவாதம். ஒரு வருஷமாகப் படுக்கையில். அது தெரிந்ததும் எங்கள் பேச்சு எஸ்.இ.ஓ.வைத் தாண்டிப் போயிற்று. முதுகில் புண் வந்துவிட்டது என்று ஒருநாள் எழுதினார். நான் என் கணவரிடம் கேட்டு, எத்தனை மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும், தோல் சிவந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தக் களிம்பு வேண்டாம் என்று விவரமாக எழுதி அனுப்பினேன். அவர் கண்ணீர் விடும் முகம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அந்த வாரம் எங்கள் சபைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அவருடைய கணவருடைய பெயரைச் சொல்லி, எல்லாரும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஜெபித்தோம்.

கோச் இரண்டு வேலைகள் செய்யச் சொன்னார். ஒன்று, எங்கள் பேரா மாநிலத்தில் இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிப் பக்கம். காம்பாரில் கட்டில் வாடகை, தாப்பாவில் கட்டில் வாடகை, லூமுட்டில் கட்டில் வாடகை. எழுத்து எல்லாம் ஒன்றேதான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவது, அவரிடமே ஒரு 'இணைப்புத் தொகுப்பு' வாங்குவது. மற்ற தளங்கள் எல்லாம் எங்கள் கடையைக் காட்டிப் பேசும். அதைப் பார்த்துத் தேடுபொறி எங்களைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளும் என்றார்.

என் தோளுக்குப் பின்னால் நின்று கணவர் படித்தார். "பாகான் டத்தோல நம்பர் ஒன் கட்டில் கடையா? அங்க நாம ஒரு கட்டில்கூட எறக்குனதில்லையேலா."

"எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்களாம். காம்பார் அக்காவும் செஞ்சாங்களாம்."

"அந்தப் பொண்ணு பிஸ்கட்டுல்ல விக்கிது" என்றார். நான் பக்கங்களையும் போட்டேன், இணைப்புத் தொகுப்பையும் வாங்கினேன்.

கொஞ்ச நாளில் போன் அடித்தது. லூமுட்டிலிருந்து ஒருவர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் மனைவிக்குக் கட்டில் வேண்டும் என்றார். தேடியதும் எங்கள் பெயர்தான் முதலில் வந்ததாம். கணவர் போய் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் எனக்கு நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தார். சித்தியவானிலிருந்து இன்னொரு அழைப்பு. தெலுக் இந்தானிலிருந்து ஒன்று. நான் குழுவில் செய்தி போட்டேன். கைதட்டும் படங்கள் மழை மாதிரி கொட்டின. அந்தச் சில வாரங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு போன் நின்றது. குறையக்கூட இல்லை, ஒரேயடியாக நின்றது. ஒரு காலை எங்கள் கடையின் பெயரையே முழுதாகத் தட்டிப் பார்த்தேன். அதே பெயரில் ஜொகூரில் இருக்கும் ஒரு பாத்திரக் கடை வந்தது. நாங்கள் வரவில்லை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போய்ப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. முன்பாவது எங்கோ கீழே கிடந்தோம். இப்போது தூக்கியே எறிந்துவிட்டார்கள்.

குழுவில் கேட்டேன். என் செய்தி கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. மறுபடி கேட்டேன், மறுபடி காணவில்லை. கோச்சுக்குத் தனியாக எழுதினேன். "பதற்றப்படாதீங்க அக்கா. இது பெரிய கடைங்களுக்குத்தான் நடக்கும். அடுத்த லெவலுக்கு வாங்க, சரி பண்ணிடலாம்" என்றார். அடுத்த லெவல் என்றால் இன்னொரு சந்தா. காம்பார் அக்காவைக் கேட்டேன். "எனக்கும் இப்படியே ஆச்சு. அடுத்த லெவல் சேர்ந்தேன், திரும்பி வந்துருச்சு. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று எழுதினார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் நம்பினேன்.

அந்த வாரம் காம்பாரில் ஒரு வீட்டிலிருந்து கட்டில் எடுத்துவர வேண்டியிருந்தது. நானும் வேனில் ஏறிக்கொண்டேன். காம்பார் அக்காவின் கணவருக்குக் கொடுப்பதற்காக ஒரு காற்று மெத்தையை எடுத்து வைத்திருந்தோம். வாடகை எதுவும் வேண்டாம், தேவைப்படும்வரை இருக்கட்டும் என்று கணவரே சொல்லி, மெத்தையைக் கழுவிக் காயவைத்து, பம்பைச் சரிபார்த்துக் கட்டியிருந்தார். வழியிலேயே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். இன்றைக்கு வேண்டாம், வீட்டில் விருந்தாளிகள் என்றார். வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம், விலாசம் மட்டும் சொல்லுங்கள் என்றேன். பதில் வரவில்லை.

கட்டிலை ஏற்றிவிட்டு ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து காத்திருந்தோம். நல்ல வெயில். கணவர் இரண்டாவது கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. காம்பார் அக்காதான். எடுத்துப் படித்தேன்.

"தம்பி, கவலப்படாதீங்க. உங்க நாசி லெமாக் கடைக்கு ஆனதேதான் எனக்கும் ஆச்சு. எங்க அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகிட்டிருந்த நேரம் அது. அடுத்த லெவல் சேர்ந்தேன், திரும்பி வந்துருச்சு. பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

நான் படித்து முடித்ததுமே அந்தச் செய்தி அழிக்கப்பட்டது. அது இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது. பின்னாலேயே இன்னொன்று வந்தது: "மன்னிச்சிருங்க அக்கா, தப்பா வந்துருச்சு."

"உங்க அம்மா சின்ன வயசுலயே தவறிட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்று அனுப்பினேன்.

அவ்வளவுதான். அவருடைய படம் மறைந்து சாம்பல் வட்டமாயிற்று. குழுவைத் திறக்கப் பார்த்தேன், என்னை நீக்கியிருந்தார்கள். என்னை நீக்கிய அந்தக் குழுவில் எத்தனை பேர் நிஜமான ஆட்கள், எத்தனை பேர் கோச் வைத்த கூலிக்காரர்கள் என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிப் போட்ட மாதிரி, ஒரு துக்கக் கதையில் நோயாளியை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கணவரிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, அந்த ஒரு வரியைப் படித்து, என் வாயிலிருந்து மீதியைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "அப்ப அந்த ஆளு முதுகுல புண்ணு இல்ல" என்றார்.

"ஆளே இல்லங்க."

"நல்லதுதானே. படுத்துக் கெடக்குற ஆளு ஒண்ணு கொறஞ்சுச்சு."

அவர் அதை உண்மையாகவே சொன்னார். எனக்குத்தான் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. திரும்பி வரும்போது வேனின் பின்னால் அந்த மெத்தை உருண்டு உருண்டு மோதிக்கொண்டே வந்தது.

அடுத்த ஜெபக் கூட்டத்தில் பாஸ்டர் அம்மா கேட்டார்கள், "காம்பார் பிரதருக்கு இப்ப எப்படி இருக்கு சிஸ்டர்?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராகத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும், "அவர் இல்லைங்க" என்றுதான் வந்தது.

ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கர்த்தருடைய சித்தம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். பாஸ்டர் அம்மா கண்ணை மூடி, அந்த விதவைச் சகோதரியைத் தேற்றும்படி ஆண்டவரிடம் மன்றாட ஆரம்பித்தார்கள். எல்லாரும் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இல்லாத ஒருவரைப் பிழைக்கவைக்க மாதக்கணக்கில் கேட்டோம். அன்றைக்கு அவரை அடக்கமும் செய்தோம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் லேப்டாப்பைத் தொடவில்லை. ஆனால் கடை வாடகை, வேன் சாலை வரி எல்லாம் தன் நேரத்துக்கு வந்தது. மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை அன்பாகப் பேசும் இடங்களைத் தாண்டிப் போனேன். தேடுபொறியை நடத்துகிறவர்களே இலவசமாக எழுதி வைத்திருந்த கையேடு ஒன்று இருந்தது. ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டதுதான். மனுஷ வாசனையே இல்லாத வறட்டு எழுத்து என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நகல் பக்கங்கள் போடாதே, இணைப்புகளை விலைக்கு வாங்காதே என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எனக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தந்த இரண்டும் அவைதான்.

அங்கே படித்த ஒரு குறிப்பிலிருந்து எஸ்.இ.ஓ. வேலைக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு பழைய இங்கிலீஷ் இணைய மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பார்க்கவே அசிங்கமான தளம். வணக்கம் கிடையாது, கைதட்டல் கிடையாது. கேள்வி கேட்டவனைத் திட்டுவார்கள். பதில் சொன்னவனையும் இன்னொருவன் வந்து திட்டுவான். ஆனால் பல நாள் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததில் ஒன்றைக் கவனித்தேன். அங்கே சிலர், "எனக்குத் தெரியாது" என்று எழுதினார்கள். "போன வருஷம் நான் சொன்னது தப்பு" என்று எழுதினார்கள். கோச்சின் குழுவில் அந்த இரண்டு வாக்கியங்களையும் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடித்த என் இங்கிலீஷில் நடந்ததை எழுதிப் போட்டேன். ஒருவர் பதில் எழுதினார். எந்த நாட்டுக்காரர், என்ன வயது, ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. எழுத்தை வைத்து ஒரு வயதான ஆண் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் என் தளத்தைத் திறந்து பார்த்திருந்தார். அதுவரை வேறு யாரும் அதைச் செய்யவில்லை. எனக்கு வாங்கிக் கொடுத்த இணைப்புகளில் பாதி சூதாட்டத் தளங்கள் என்றார். ஊர்ப் பக்கங்கள் அத்தனையும் குப்பை, இன்றைக்கே அழி என்றார். அழித்தால் திரும்பி வருமா என்று கேட்டேன். மாதக்கணக்கில் ஆகலாம், வராமலேயும் போகலாம், வரும் என்று யாராவது உறுதி சொன்னால் அவனை நம்பாதே என்று எழுதினார். கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நாளில் எனக்குக் கிடைத்த முதல் உண்மை அதுதான். அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு வாடிக்கைக்காரரைக்கூடக் கொண்டுவர முடியாது.

சொன்னபடியே செய்தேன். பக்கங்களை அழித்தேன். அந்த இணைப்புகளைத் துறந்தேன், கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்கு விண்ணப்பம் எழுதினேன். பிறகு, எங்களுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதினேன். படுத்த ஆளைத் தனியாகப் புரட்டுவது எப்படி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது ஏன், கட்டிலைக் கதவு வழியாக நுழைக்க வீட்டில் எதை அளந்து பார்க்க வேண்டும். கணவர் சொல்லச் சொல்ல எழுதி, மலாயிலும் போட்டேன். நான்தான் கட்டிலில் படுத்து நோயாளியாக நடித்தேன். அவர் புரட்டிக் காட்ட, டயர் கடை ஆள் படமெடுத்தார். மன்றத்து மனிதர் பார்த்துவிட்டு, "இதுதான் பக்கம்" என்று எழுதினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மாதங்கள் போயின. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தோம். முதல் பக்கத்தில் கீழே ஒரு மூலையில் எங்கள் பெயர் தெரிந்த அன்று, கணவரை வெளியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

ஆனால் போன் அடிக்கவில்லை.

ஏன் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் தேடுபொறி வேறு மாதிரி மாறிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒன்றைக் கேட்டால், எந்தத் தளத்துக்கும் போக வேண்டாம் என்பது போல, மேலேயே இயந்திரம் ஒரு பதிலை எழுதிக் காட்டியது. படுத்த நோயாளியைப் புரட்டுவது எப்படி என்று ஒருநாள் நானே தட்டிப் பார்த்தேன். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்கவும், தூக்குகிறவர் முதுகை வளைக்காமல் தன் முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொள்ளவும் என்று வந்தது. என் கணவருடைய வாக்கியம். அவர் முதுகைக் கொடுத்துக் கற்றது. ஓரத்தில் எங்கள் தளத்துக்கு ஒரு சின்னக் குறி இருந்தது. பதில் கிடைத்தபின் அதை யார் தட்டப்போகிறார்கள்? கட்டில் வாடகை என்று தட்டினாலோ, அதே கோலாலம்பூர் கம்பெனியின் விளம்பரம் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

மன்றத்தில் கேட்கப் போனேன். அங்கே எனக்கு முன்னாலேயே எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவர்கள், தங்கள் தளங்களுக்கு ஆள் வருவது நின்றுவிட்டதைப் பற்றி எழுதினார்கள். புதிதாக வருகிற கேள்விகளுக்கு இயந்திரம் எழுதிய பதில்களைக் கொண்டுவந்து சிலர் ஒட்டினார்கள். யாரும் அவர்களைத் திட்டக்கூட இல்லை. எனக்குப் பதில் சொன்ன அந்த மனிதர், "போதும், நான் கிளம்புகிறேன்" என்று ஒரு வரி எழுதினார். நான் அவருக்கு நன்றி சொல்லி எழுதினேன். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது. தேடி அலைந்து, ஏமாந்து, கடைசியில் நம்பிக்கையான ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். அங்கே விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடையை மூடினோம். கட்டில்களையும் மெஷின்களையும் பினாங்கிலிருந்து ஒருவர் வந்து லோரியில் ஏற்றிப்போனார். கணவர் குனோங் ராபாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த வேலை அவர் முதுகைத் தின்றதோ அதே வேலைதான். மாலையில் வந்து தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார். "எப்படிங்க இருக்கு?" என்றால், "இருக்குலா" என்கிறார். நான் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன்.

போன மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த மன்றத்தைத் திறந்து பார்த்தேன். எப்போதாவது பார்ப்பதுண்டு. தெலுக் இந்தானிலிருந்து ஒரு பெண் கேள்வி போட்டிருந்தாள். கல்யாண ரவிக்கை தைக்கிறவளாம். தமிழில் சொல்லித்தரும் ஒரு கோச் இருக்கிறார், அவருடைய வகுப்பில் சேரலாமா, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தாள். பெயரை இரண்டு தரம் படித்தேன். அவரேதான். அவளுடைய கேள்விக்குக் கீழே ஒருவரும் பதில் எழுதியிருக்கவில்லை.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அவளுக்குத் தனியாக எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும், ஊர்ப் பக்கங்கள், சூதாட்ட இணைப்புகள், காம்பார் அக்கா வரைக்கும் ஒன்றுவிடாமல் எழுதினேன். எந்தக் கையேட்டைப் படிக்க வேண்டும் என்று சொன்னேன். எதுவும் சந்தேகம் என்றால் என்னையே கேள், எனக்குக் காசு எதுவும் வேண்டாம் என்றும் எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் அக்கா. நீங்க சொல்றது புரியுது. ஆனா நான் நேத்தே சேர்ந்துட்டேன். நீங்க நினைக்கிற மாதிரி இல்லக்கா, அங்க எல்லாரும் ரொம்ப அன்பா பேசுறாங்க. உங்களுக்கு இதுல லாஸ் ஆயிருச்சுன்னு வருத்தம், அதான் இப்படித் தோணுது."

நான் இன்னும் அவளுக்குப் பதில் எழுதவில்லை. பல தடவை ஆரம்பித்துவிட்டேன். என்ன எழுதினாலும், அங்கே அவளுக்குக் கிடைக்கிற வணக்கத்துக்கும் கைதட்டலுக்கும் முன்னால் அது சாபம் போலத்தான் தெரிகிறது.